கையில் இருப்பது என்ன கல், அதற்குள் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: சேர்த்து வைத்திருக்கும் கற்களை அடையாளம் காண வேண்டும். ஒரே வெள்ளைக் கல்லை மொபைல் செயலி ஒரு தடவை குவார்ட்ஸ் என்கிறது, அடுத்த தடவை கால்சைட் என்கிறது, அப்புறம் மார்பிள் என்கிறது. கறுப்பாகக் கனமாக இருக்கும் இன்னொரு கல் காந்தத்தை இழுக்கிறது. அது விண்கல்லாக இருக்குமா? இவற்றில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

சாதாரணமாகக் கிடைக்கும் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு முடியும். ஆனால் எதை முதலில் கண்டுபிடிப்பது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. வேதிப்பொருளை நேரடியாக அளக்க வீட்டில் வழியில்லை. கல் எப்படிக் கீறுகிறது, எப்படி உடைகிறது, எவ்வளவு கனக்கிறது, அமிலம் பட்டால் என்ன செய்கிறது என்று பார்த்து, அது எந்தக் கனிமம் என்று முதலில் பிடிக்க வேண்டும். கனிமத்தின் பெயர் தெரிந்துவிட்டால் அதன் வேதி வாய்பாடு எந்தப் பாடநூலிலும் கிடைக்கும்.

இதற்குக் காரணம், கனிமம் என்பதே ஏறக்குறைய நிலையான வேதி அமைப்பும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக அமைப்பும் கொண்ட பொருள் என்பதுதான். பாறை அப்படியில்லை. பல கனிமங்கள் சேர்ந்தது பாறை. சில பாறைகளில் ஒரே கனிமம் மட்டும் கோடிக்கணக்கான மணிகளாகச் சேர்ந்திருக்கும். அதனால் 'கிரானைட்டின் வாய்பாடு என்ன' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. 'கிரானைட்டில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன' என்று கேட்டால் பதில் உண்டு.

இதுவரை அங்கீகரிக்கப்பட்ட கனிமங்கள் 6,000-க்கும் அதிகம். பயந்துவிட வேண்டாம். வழியில் கிடக்கும் கற்களில் திரும்பத் திரும்ப வருபவை இருபது, முப்பதுக்குள் அடங்கிவிடும். பூமியின் மேலோட்டில் எடைக் கணக்கில் சுமார் 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிகான். அப்புறம் அலுமினியம் 8, இரும்பு 5, மீதிக்குக் கால்சியம், சோடியம், பொட்டாசியம், மக்னீசியம். இந்த எட்டு தனிமங்களே 98 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகின்றன. ஒரு கல்லில் சிலிகானும் ஆக்சிஜனும் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூடப் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

செயலி தடுமாறுவதற்குக் காரணம், படத்தில் தெரிவது நிறமும் மேற்பரப்பும் மட்டுமே. நிறத்தை நம்பினால் நிச்சயம் ஏமாறுவோம். சுத்தமான குவார்ட்ஸ், அதாவது சிலிகான் டை ஆக்சைடு, கண்ணாடி போல நிறமற்றது. அதே சிலிகான் டை ஆக்சைடில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்து, இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா நிற அமெதிஸ்ட் ஆகிறது. அந்த ஊதாக் கல்லைச் சூடாக்கினால் மஞ்சளாக மாறிவிடும். மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே கனிமம்தான்: கொருண்டம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. சிவப்புக்குக் குரோமியம், நீலத்துக்கு இரும்பும் டைட்டானியமும் துளியளவு கலந்திருந்தால் போதும். அடிப்படை வாய்பாட்டில் ஒரு எழுத்துகூட மாறாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோல் துருவேறி, பழுப்பாகி, உள்ளே இருப்பதை முழுக்க மறைத்துவிடும். எந்தச் சோதனைக்கும் முன்னால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லைத் துணியில் சுற்றி, சுத்தியலால் ஒரு மூலையை உடைத்துவிடுங்கள். புதிதாக உடைந்த பரப்பில்தான் பேச்சே. அழகான படிகம் கிடைத்திருந்தால் மட்டும் உடைக்காதீர்கள். அது உருவான வடிவமே ஒரு சாட்சி.

முதல் சோதனை கடினத்தன்மை. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படிகளைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறோம்: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளூரைட் 4, அபடைட் 5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, கொருண்டம் 9, வைரம் 10. இது வெறும் வரிசைதான், அளவு கிடையாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரு படிதான் என்றாலும், வைரம் கொருண்டத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம். கருவிகள் நம்மிடமே இருக்கின்றன. விரல்நகம் இரண்டரை, செம்பு மூன்று, கத்தி முனையும் கண்ணாடித் துண்டும் ஐந்தரை.

இதில் இரண்டு இடத்தில் பலர் தவறிவிடுவார்கள். மென்மையான கல்லைக் கண்ணாடியில் தேய்த்தால் கல்லின் பொடியே வெள்ளைக் கோடாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கக் கீறல் மாதிரியே இருக்கும். ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் அது பொடி, நகத்தில் நெருடினால்தான் கீறல். இரண்டாவது, மணற்கல் மாதிரி உதிரும் பாறையைக் கத்தியால் சுரண்டினால் மணிகள் பொலபொலவென்று கொட்டும். உடனே மென்மையான கனிமம் என்று முடிவு கட்டக் கூடாது. உதிர்ந்த ஒரு மணியை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தால் அது குவார்ட்ஸ் என்பது தெரிந்துவிடும்.

சரி, உங்கள் வெள்ளைக் கல்லுக்கு வருவோம். அதன் கூர்மையான ஓரத்தைக் கண்ணாடியில் இழுத்துப் பாருங்கள். நன்றாகக் கீறினால் கால்சைட்டும் மார்பிளும் அந்த நொடியே ஆட்டத்திலிருந்து விலகிவிடும். மிச்சம் குவார்ட்ஸ் அல்லது ஃபெல்ட்ஸ்பார். இப்போது உடைந்த பரப்பை வெயிலில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். எந்தக் கோணத்திலும் தட்டையான தளம் அகப்படாமல், சிப்பியின் உட்புறம் போல வளைவு வளைவாக, லேசாக எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி பளபளத்தால் குவார்ட்ஸ். ஆற்றங்கரையிலும் செம்மண் நிலத்திலும் கிடக்கும் வெங்கச்சங்கல் இதுதான். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் தட்டையான தளம் ஒன்று சட்டென்று மின்னி, அதற்கு ஏறக்குறைய செங்குத்தாக இன்னொரு தளமும் மின்னினால் ஃபெல்ட்ஸ்பார்.

இந்த வித்தியாசத்துக்குள்ளேதான் வேதியியல் ஒளிந்திருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடமும் இதுதான். குவார்ட்ஸில் ஒவ்வொரு சிலிகான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடும், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிகானோடும் இணைந்து, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பலமான வலையாக இருக்கிறது. எங்கே உடைவது என்று அதற்குப் பலவீனமான தளம் எதுவும் கிடையாது. அதனால்தான் ஒழுங்கில்லாமல் வளைந்து உடைகிறது. ஃபெல்ட்ஸ்பாரில் சில சிலிகான் இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் குறைந்துபோகும் நேர் மின்சுமையைச் சரிக்கட்டப் பொட்டாசியமோ சோடியமோ கால்சியமோ நடுவில் நுழைகிறது. அதோடு பிணைப்புகள் எல்லாத் திசையிலும் சமமாக இருப்பதில்லை. பிணைப்பு குறைவாக இருக்கும் தளங்களில் கல் சீராகப் பிளக்கிறது. கல் உடையும் விதத்தைப் பார்க்கும்போது உண்மையில் நாம் அணுக்களின் அடுக்கைத்தான் பார்க்கிறோம்.

கண்ணாடியில் கீறல் விழவில்லை, ஆனால் கத்தியால் கல்லைக் கீற முடிகிறது என்றால் அமிலத்துக்குப் போகலாம். சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கி நுரைக்கும். கால்சியம் கார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் அந்த நுரை. அமிலத்தை நீர்க்கச் செய்வதானால் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை விடவே கூடாது. அமிலம் வேண்டாம் என்றால் வினிகர் போதும், ஆனால் பொறுமை தேவை. கல்லைக் கொஞ்சம் பொடியாக்கி அதன் மேல் வினிகரை விட்டு, லென்ஸ் வழியே பாருங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் எழும். முழுக் கல்லில் அமிலம் விட்டும் பேசாமல் இருந்து, பொடியாக்கியதும் மெல்ல நுரைத்தால் அது டோலமைட். அதில் கால்சியத்தோடு பாதிக்குப் பாதி மக்னீசியமும் இருக்கிறது.

கால்சைட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. எவ்வளவு சிறிதாக உடைத்தாலும் ஒரு பக்கமாகச் சாய்த்த பெட்டி போன்ற துண்டுகளாகவே பிளக்கும். தெளிவான துண்டு கிடைத்தால் எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு எழுத்தும் இரண்டாகத் தெரியும்.

நகத்தாலேயே கீற முடிந்தால் ஜிப்சமாக இருக்கலாம். கால்சியம் சல்ஃபேட்டோடு இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்தது அது. தண்ணீர் இருக்கும் அடுக்குகள் பலவீனமானவை, கல்லின் மென்மைக்கு அதுதான் காரணம். சூடாக்கி அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டினால் கிடைப்பதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

இன்னொரு வெள்ளைக் கல்லும் உண்டு: பேரைட், அதாவது பேரியம் சல்ஃபேட். இதைக் காட்டிக்கொடுப்பது கனம். கையில் தூக்கிப் பார்த்து 'இந்த அளவுக்கு இவ்வளவு கனமா' என்று தோன்றினால் அடர்த்தியை அளந்துவிடுங்கள். சமையலறை மின்தராசு ஒன்று போதும். கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல், தண்ணீருக்குள் முழுகும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் கணக்குதான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 159 கிராம் கல், தண்ணீரில் தொங்கும்போது 60 காட்டினால், வகுத்தால் 2.65, குவார்ட்ஸின் அடர்த்தி. கால்சைட் 2.71, பேரைட் 4.5, இரும்புக் கனிமமான ஹேமடைட் 5.3, ஈயக் கனிமமான கலீனா 7.5. குவார்ட்ஸையும் கால்சைட்டையும் பிரிக்க இந்தச் சோதனை உதவாது, எண்கள் அவ்வளவு நெருக்கம். உலோகம் கலந்த கனிமங்களைப் பிடிக்கத்தான் இது அருமையான வழி.

ஏடு ஏடாக உரிந்து வந்தால் மைக்கா. காக்காப்பொன் என்கிறோமே, அதுதான். வெள்ளி நிறத்தில் இருப்பது மஸ்கோவைட், பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த சிலிகேட், அதாவது சிலிகானும் ஆக்சிஜனும் பிணைந்த கனிமம். கறுப்பாக இருப்பது பயோடைட், அதில் இரும்பும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். சிலிகேட் தகடுகளுக்கு நடுவே பொட்டாசியம் மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவ்வளவு லேசாக உரிகிறது. டால்க்கில் அந்தப் பொட்டாசியம்கூட இல்லை. தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகும். டால்க் நிறைந்த மாக்கல்லைத் தொட்டால் சோப்பு மாதிரி வழவழப்பது இதனால்தான்.

கறுப்பு, பழுப்பு, உலோகப் பளபளப்பு உள்ள கற்களுக்கு வேறு சோதனை: உரசல் நிறம். மெருகில்லாத டைல்ஸின் பின்புறத்தில் கல்லை அழுத்தித் தேய்த்து, விழும் கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். கல்லின் நிறம் எவ்வளவு ஏமாற்றினாலும் பொடியின் நிறம் பெரும்பாலும் உண்மை பேசும். ஹேமடைட் சில இடத்தில் வெள்ளி மாதிரி மின்னும், சில இடத்தில் செம்மண் மாதிரி இருக்கும். கோடு மட்டும் எப்போதும் செம்பழுப்பு. இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன் உள்ள ஆக்சைடு அது. மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் என்றால் மேக்னடைட். கோடு கறுப்பு, காந்தத்தை இழுக்கும். மஞ்சள் பழுப்புக் கோடு விழுந்தால் துருவின் உறவுக்காரனான கோதைட். அதில் இரும்போடும் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது.

தங்கம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வைக்கும் பைரைட்டும் இங்கேதான் மாட்டும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கனிமம் பித்தளை மஞ்சளாக மின்னினாலும் கோடு பச்சை கலந்த கறுப்பு. தங்கத்தின் கோடு மஞ்சள். பைரைட்டைக் கத்தியால் கீற முடியாது, சுத்தியலால் அடித்தால் பொறி பறக்க நொறுங்கும். தங்கம் அடிக்க அடிக்கத் தட்டையாகும், நொறுங்காது.

இனி உங்கள் கறுப்புக் கல். காந்தத்தை இழுக்கிறது என்பதற்காக அதை விண்கல் என்று சொல்லிவிட முடியாது. விண்கல் என்று கொண்டுவரப்படும் கற்களில் பெரும்பாலானவை மேக்னடைட், ஹேமடைட், பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அல்லது உலையில் இரும்பு உருக்கும்போது மிஞ்சிய கசடு. முதலில் டைல்ஸில் தேய்த்துப் பாருங்கள். அழுத்தமான கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், சிவப்பு விழுந்தால் ஹேமடைட். உள்ளே காற்றுக் குமிழி போன ஓட்டைகள் இருந்தால் கசடோ எரிமலைப் பாறையோதான். விண்கல்லில் அப்படி ஓட்டைகள் இருப்பது மிக அரிது. குவார்ட்ஸ் மணிகள் கண்ணில் பட்டாலும் நம்பிக்கையை விட்டுவிடலாம். கோடு எதுவும் விழாமல், வெளியே மெல்லிய கருந்தோலும், ஒரு மூலையை அரத்தால் தேய்த்தால் உள்ளே மினுங்கும் உலோகப் புள்ளிகளும் இருந்தால் மட்டும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே முதலில் நிக்கலைத்தான் தேடுவார்கள். விண்கல் இரும்பில் நிக்கல் கலந்தே இருக்கும். தயவுசெய்து பலமான காந்தத்தைக் கல்லின் மேல் ஒட்டிப் பார்க்காதீர்கள். விண்கல்லாகவே இருந்தால், அதில் பதிந்திருக்கும் பழங்காலக் காந்தப் பதிவை அந்தக் காந்தம் அழித்துவிடும். சின்னக் காந்தத்தை நூலில் கட்டி அருகே கொண்டுபோனால் போதும், இழுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பாறைக்கு வரும்போது கேள்வி மாறுகிறது. எந்தக் கனிமங்கள், எவ்வளவு பெரிய மணிகள், எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மிக அருகில் லென்ஸைப் பிடித்துக்கொண்டு, கல்லை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கிரானைட்டின் புது உடைவை நனைத்து இப்படிப் பாருங்கள். மணிகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். சாம்பல் நிறத்தில் அழுக்குக் கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டைத் தளங்கள் மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்புப் புள்ளியை ஊசி முனையால் நெம்பினால் செதில் பெயர்ந்து வந்தால் பயோடைட். பெயராமல் குச்சி மாதிரி நீண்டு உறுதியாக இருந்தால் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்ட் என்ற கறுப்புக் கனிமம்.

கிரானைட்டில் சிலிகா, அதாவது சிலிகான் டை ஆக்சைடு, சுமார் 70 சதவீதம், பசால்ட்டில் சுமார் 50. அந்த இடைவெளியை இரும்பு, மக்னீசியம், கால்சியம் நிரப்புவதால் பசால்ட் கறுத்து, கனமாகவும் இருக்கிறது. ஆனால் கறுப்பாக இருந்தாலே சிலிகா குறைவு என்று விதி போட்டுவிடக் கூடாது. அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி கன்னங்கரேல் என்று இருக்கும். சிலிகா பெரும்பாலும் கிரானைட் அளவுக்கே இருக்கும். தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல்லும் பெரும்பாலும் இதே கலவைதான். பூமிக்கடியில் மெதுவாக ஆறினால் பெரிய மணிகளோடு கிரானைட், சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி, வாயு பொங்கிக் குளிர்ந்தால் நுரைக்கல். பொருள் ஒன்றே, ஆறிய வேகம் வேறு.

படிவுப் பாறையையும் உருமாறிய பாறையையும் பிரிக்க, மணல் படிந்து இறுகிய மணற்கல்லும், அது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிக் கிடைக்கும் குவார்ட்சைட்டும் நல்ல பயிற்சி. இரண்டுமே பெரும்பாலும் குவார்ட்ஸ். மணற்கல்லை உடைத்தால் உடைவு மணிகளைச் சுற்றிக்கொண்டு போகும், பரப்பு சொரசொரப்பாக இருக்கும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றாகிவிட்டதால் உடைவு அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், பரப்பு வழவழவென்று மின்னும். சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மார்பிள் ஆகும்போதும் இதே கதைதான். இரண்டும் கால்சியம் கார்பனேட், இரண்டும் அமிலத்தில் நுரைக்கும். மார்பிளில் சர்க்கரை மாதிரி படிக மணிகள் தெரியும், கிளிஞ்சல் தடயங்கள் அழிந்திருக்கும். வெள்ளை மார்பிளா வெள்ளைக் குவார்ட்சைட்டா என்ற சந்தேகத்துக்குக் கத்தி முனையே தீர்ப்புச் சொல்லிவிடும்.

சோதனைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்வேன்: நாக்கில் வைத்துப் பார்ப்பது. இந்துப்பைக் கண்டுபிடிக்க அது வழக்கம்தான். ஆனால் அடையாளம் தெரியாத கல் கலீனாவாக இருந்தால் அதில் ஈயம், சிவப்பாக இருக்கும் ஜாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்திலும் மனோசிலையிலும் ஆர்சனிக். நார் நாராகப் பிரியும் கல்லை உரசவோ பொடிக்கவோ வேண்டாம், கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சாதாரணக் குவார்ட்ஸ் தூசியே தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். பொடி செய்யும்போது நனைத்துக்கொள்ளுங்கள். தெரியாத கல்லை நெருப்பில் போடவும் கூடாது, உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும்.

இவ்வளவு செய்தும் எட்டாத ஒரு எல்லை இருக்கிறது. சில கனிமங்களின் கலவை ஒரே புள்ளியில் நிற்பதில்லை. பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் முழுச் சோடியத்திலிருந்து முழுக் கால்சியம் வரை எந்த விகிதத்திலும் இருக்கலாம். ஒலிவின் மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் நிற்கும். கார்னெட் என்ற கனிமக் குடும்பத்தைக் கேட்கவே வேண்டாம். பெயர் வரைக்கும் வீட்டுச் சோதனை கொண்டுபோகும், விகிதம் வேண்டுமென்றால் ஆய்வகம்தான். அங்கே எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று தெரியும். ஆனால் அது மட்டும் வாங்கி வந்தால் பாதிப் பதில்தான். கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட். வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன். அணு அடுக்கைச் சொல்லும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். பாறை என்றால் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தும் முனைவாக்க நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னும் நல்லது. எந்தக் கனிமம் எதைச் சுற்றி வளர்ந்தது என்பதுகூட அதில் தெரியும். மாதிரி கொடுக்கும்போது அது கிடைத்த இடத்தையும், பாறையிலிருந்து நேராகப் பெயர்த்ததா, உதிரியாகக் கிடந்ததா என்பதையும், சுற்றிலும் என்ன கற்கள் இருந்தன என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். பரிசோதிப்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.